பத்து அருள் மூச்சு

என் தங்கையின் கல்யாணப் படத்தைப் பார்க்கிற எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். தங்கை தலையைக் குனிந்து வெட்கப்பட்டு நிற்கிறாள். பின்னால் மாதா சுரூபத்தின் ஒரு பக்கம் தெரிகிறது. மாப்பிள்ளை மட்டும் யாரோ தன்னை அடிக்க வருகிற மாதிரி நெஞ்சை நிரப்பிக்கொண்டு, கன்னம் இறுகி, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறார். படம் எடுத்தவன் "அசையாதேங்கோ" என்று சொன்னானாம். அந்த மனிசனுக்கு அசையாதே என்றால் மூச்சைப் பிடி என்றுதான் விளங்கும். ஆல்பத்தில் இருக்கிற எல்லாப் படத்திலும் அதே முழிதான்.

"மச்சான், பொம்பிளை பயந்து ஓடாததே பெரிய காரியம்" என்று நான் அவரைச் சீண்டியிருக்கிறேன்.

"படம் எடுக்கிற பெடியன்தான் களைச்சுப் போனவன் மச்சாள். நான் இன்னும் நிண்டிருப்பன்" என்று பெருமையோடு சொல்வார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஓலைத்தொடுவாய்க் கரையில் போய் மூச்சுக்காரர் என்று கேட்டால் போதும். இப்போது அவர் அந்தக் கரையிலும் இல்லை. கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் தங்கையையும் கூட்டிக்கொண்டு கொண்டச்சிப் பக்கம் போய், ஒருவருடைய தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பெருநாளுக்குக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை.

அவர் சுழியோடி. கடலுக்குள் அமிழ்ந்து சங்கும் கடலட்டையும் எடுத்தவர். இப்போது முக்கால்வாசிப் பேர் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அவருக்கு அவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. "காத்தைக் கட்டிக்கொண்டு போறவன் என்னண்டு சுழியோடி ஆவான்? அவன் கீழ போய்க் கடைச் சாமான் வாங்கிக்கொண்டு வாறவன்" என்பார். அவர் தன் நெஞ்சில் அடங்குகிற காற்றோடு மட்டும் போய்வருவார். அது அவருடைய தகப்பன் வழி வந்த வீறாப்பு.

அந்த வீட்டில் மூச்சை அளக்க யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை. ஒருவர் தண்ணீருக்குள் தலையைத் தாழ்த்தியதும் மேலே நிற்கிறவர் 'அருள் நிறைந்த மரியே' என்று சத்தமாகச் செபத்தைத் தொடங்கவேண்டும். ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம் ஒரு அருள். தலை மேலே வந்ததும் எந்தச் சொல்லில் நின்றாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் தலை வெளியே தெரியும்வரை நிறுத்தக்கூடாது. அதுதான் அந்த வீட்டுச் சட்டம். அவருடைய பாட்டன் காலத்தில் வள்ளத்தில் இருந்தவர்கள் உண்மையாகவே பயந்து செபித்திருப்பார்கள். இவர்கள் காலத்துக்கு வரும்போது அது விளையாட்டாகிவிட்டது. பங்குச் சாமியார் ஒருமுறை கேள்விப்பட்டு, "மாதாவை மணிக்கூடு ஆக்கிப்போட்டியளே" என்று ஏசினார். ஏசிவிட்டு, "சரி, உமக்கு எத்தனை?" என்றும் கேட்டாராம்.

பத்து. செபமாலையில் ஒரு பத்து மணியும் உருண்டு முடியும்வரை அவர் கீழே இருப்பார். நானே கரையில் நின்று சொல்லியிருக்கிறேன். எட்டாவதுக்கு மேல் பயத்தில் நான் அறியாமலே வேகமாகச் சொல்லத் தொடங்குவேன். அவர் பத்து முடிந்து எழும்பி, முகத்தைத் துடைத்து, "என்ன மச்சாள், கெதியாச் சொல்லி ஏமாத்திறியள்?" என்று கேட்பார்.

ஆட்களையும் அவர் அந்த அளவால்தான் எடை போடுவார். கிராம அலுவலர் எப்படி என்றால், "நல்ல மனுசன், ஆனா ஒண்டரை அருள்தான் தாங்கும்" என்பார். கோபக்காரர்களுக்கு மூச்சுக் குறைவு, களவு எடுப்பவனுக்கு மூச்சுக் குறைவு, அரசியல்வாதிக்கு மூச்சே இல்லை. எனக்கு எத்தனை என்று கேட்டேன். "உங்களிட்ட மூச்சுக் கிடக்கு மச்சாள். நீங்கள் அதைக் கதைச்சே முடிச்சுப்போடுறியள்" என்றார். நான் தோட்டவெளியில் முன்பள்ளி நடத்துகிறவள். நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அதனால் கரையில் நின்று அருள் சொல்லுகிற உத்தியோகத்தை எனக்குத் தந்துவிட்டார்.

அவருக்கும் என் தங்கைக்கும் கல்யாணமாகிக் கனகாலத்துக்குப் பிறகு கிடைத்தவள் நிரோமி. ஒரே பிள்ளை. நடக்க முதல் நீந்தினாள் என்று அவர் சொல்வதை நான் நம்பவில்லை, ஆனால் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து சிரிக்கிற பிள்ளையை நான் வேறு எங்கும் காணவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் கரைக்குப் போவோம். இடுப்பளவு தண்ணீரில் அவரும் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அமிழுவார்கள். நான் உரத்துத் தொடங்குவேன். இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம் அவள் நாலு அருள் தாண்டினாள். அவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை நீளத்துக்கும் ஓடினார். வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழும்பிக் கைதட்டினார்கள்.

மன்னார்த் தீவிலிருந்து பஸ்ஸில் வெளியே போகிற நாட்களில் இன்னொரு விளையாட்டு. பஸ் பாலத்தில் ஏறும்போது அப்பாவும் மகளும் மூச்சைப் பிடிப்பார்கள், இறங்கும்போதுதான் விடுவார்கள். கொண்டக்டர் டிக்கெட் கேட்டால் இரண்டு பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். என் தங்கை அவமானத்தில் யன்னல் பக்கம் திரும்பிவிடுவாள்.

பிறகு நிரோமி தண்ணீருக்கு வெளியேயும் மூச்சைப் பிடிக்கத் தொடங்கினாள்.

முதலில் நான் அதைச் சாப்பாட்டு மேசையில் கண்டேன். சோற்றுக் கையோடு இருந்த பிள்ளையின் நெஞ்சு மெல்ல உயர்ந்தது. உயர்ந்து, அப்படியே நின்றது. கண் எங்கேயோ பார்த்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு 'புஸ்' என்று சின்னதாக விட்டுவிட்டு மறுபடி சோற்றைக் குழைத்தாள். அவர் கைதட்டிவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். "பாத்தீங்களோ மச்சாள்? பழகுறாள்." அவருடைய முகத்தில் இருந்த சந்தோசம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாடம் வாசிக்கும்போது வசனத்தின் நடுவில் நின்றுவிடுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். "பெரிய சுழியோடி வாறா எண்டு ரீச்சரிட்டச் சொல்லும்" என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினார். தலை பின்னும்போது நின்றது. செருப்புப் போடும்போது நின்றது. முட்டு, இழுப்பு வருத்தம் என்று அயலில் சிலர் சொன்னார்கள். அவருக்குக் கோபம் வந்தது. "முட்டுக்காரன் காத்துக்கு அந்தரப்படுவான். என்ர பிள்ளை காத்தை வைச்சிருக்கிறாள்" என்றார். கேட்கிறவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கரையில் மூச்சைப் பிடிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பயப்பட யாருக்கும் தெரியாது.

என் தங்கைக்குத்தான் முதலில் பயம் வந்தது. "இஞ்சருங்கோ, நித்திரையிலயும் பிடிக்கிறாளப்பா" என்றாள்.

"நித்திரையிலயும் பழகுறவள்தான் கெட்டிக்காரி" என்றார். சிரிக்கத் தொடங்கினார், ஆனால் அந்தச் சிரிப்பை அவர் முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை நடக்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்தாள். ஒரு கண் மூக்குப் பக்கமாகத் திரும்பியது. தேத்தண்ணீர் குடித்தால் புரைக்கேறியது. அதற்கும் அவரிடம் மறுமொழி இருந்தது. காதுக்குள் தண்ணீர் நின்றால் சுழியோடிக்குத் தலை சுற்றும், கால் தள்ளாடும், கண்கூட மங்கும். அவருக்கே எத்தனையோ தரம் வந்திருக்கிறது. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி மகளின் காதில் விட்டார். தலையைச் சரித்துப் பிடித்து, அவளை ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னார். அவள் துள்ளி விழுந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரம் விழுந்தபோது நிரோமி சிரிக்கவில்லை. தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக ஓட்டோவில் ஏறிவிட்டாள். அவரும் நானும் பின்னால் ஓடிப்போய் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். நெஞ்சு சுத்தம் என்றார்கள். பிறகு ஒரு இளம் பெண் டொக்டர் வந்தா. அவ குழாயை எடுக்கவே இல்லை. கட்டில் காலடியில் கைகட்டி நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. விரலைக் காட்டி, "இதைப் பாருங்கோ செல்லம்" என்று அங்கும் இங்கும் ஆட்டினா. நிரோமியின் நெஞ்சு ஏறி நின்றது. டொக்டர் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தா.

"எவ்வளவு காலமா இப்பிடி மூச்சைப் பிடிக்கிறா?"

"நாலு அருள் பிடிப்பாள் மிஸ்" என்றார் அவர். அந்த இடத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டொக்டருக்கு விளங்கவில்லை. நான்தான் அருள் கணக்கு என்னவென்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவவின் முகம் மாறியது.

கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கான் எடுத்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு வயதான டொக்டர் எங்கள் மூன்று பேரையும் இருத்தி, பிள்ளையை வெளியே தாதியோடு விட்டுவிட்டு, ஒரு படத்தைக் காட்டினார். மூளையின் அடியில் தண்டு மாதிரி ஒரு இடம். அதற்குள் கட்டி. வெட்டி எடுக்க முடியாத இடம் என்றார்.

"மூச்சை எடு, மூச்சை விடு எண்டு கட்டளை போறது இந்த இடத்தாலதான் ஐயா. இவவுக்கு எடு எண்ட கட்டளை போகுது. எடுத்தது காணும், இனி விடு எண்டு சொல்லுற இடத்தைக் கட்டி நெரிக்குது. அதால மூச்சு உள்ளுக்கயே நிண்டுபோகுது. முழிச்சிருக்கேக்க நாங்கள் சொன்னா ஓரளவுக்குத் தானா விடுவா. நித்திரையில கஷ்டம்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவள் பழகேல்லையோ?"

"என்ன?"

"அவள் பிடிக்கேல்லையோ டொக்டர்? தானா மாட்டுப்பட்டுக் கிடந்தவளோ?"

"ஓம்" என்றார் டொக்டர்.

அவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். கைதட்டிய கைகள். எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். அதோடு விழுங்கக் கொடுத்த குளிசையில் பிள்ளையின் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிப்போனது. கண் கொஞ்சம் நேரானது, நடை கொஞ்சம் திருந்தியது. மூச்சும் முன்னையைவிடச் சீராக வந்தது. எங்களுக்குள் ஒரு ஆசை வந்துவிட்டது. அந்த ஆசை நிலைக்காது என்று டொக்டர் முதலே சொல்லித்தான் இருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஆசைப்பட்டோம்.

ஊருக்குத் திரும்பி வருகிற வான் வண்டி பாலத்தில் ஏறியபோது நிரோமி தகப்பனின் கையைத் தட்டினாள். "அப்பா, பாலம்."

"இண்டைக்கு வேண்டாம் மகள்."

"நீங்கள் பிடியுங்கோ. நான் பிடிக்கிறதில்லை. எனக்கு அது தானா வந்து பிடிக்குது." அதை அவள் ஒரு இரகசியத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு, "நீங்கள் கைதட்டினதால நான் சொல்லேல்லை" என்றாள்.

இரண்டு பக்கமும் கடல், முன்னால் தீவு. மின்சாரம் எடுக்கிற பெரிய காற்றாடிகள் தூரத்தில் சுற்றிக்கொண்டு நின்றன. வருவதற்கும் போவதற்கும் இருக்கிற ஒரே பாதையில் நாங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். எனக்கு வானை விட்டு இறங்கி எங்கேயாவது ஓடவேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. வீட்டு முன்னறையில் யன்னலோரம் கட்டில். பக்கத்தில் ஒரு கதிரை. அந்தக் கதிரையில் அவர். வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது. கச்சான் காற்று முகட்டுத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. மேசையில் வைத்த கடதாசி நிற்காது, கொடியில் போட்ட உடுப்பு நிற்காது, அவ்வளவு காற்று. "இவ்வளவு காத்து வீணாப் போகுது மச்சாள்" என்று ஒருநாள் சொன்னார்.

மாதம் போகப் போகப் பிள்ளையின் மூச்சு மறுபடி நிற்கத் தொடங்கியது. முன்னையைவிட நீளமாக நின்றது. அவர் அவளுடைய முதுகில் உள்ளங்கையை வைத்திருப்பார். நெஞ்சு ஏறி நின்றதும், "விடு ராசாத்தி" என்பார். முழித்திருந்தால் விடுவாள். பகல் நித்திரையில் என்றால் முதுகை மெல்லத் தட்டவேண்டும். சில நேரம் இரண்டு மூன்று தரம் சொல்லவேண்டும். இரவில் தங்கையும் அவரும் முறை வைத்துப் பார்த்தார்கள். தன் முறையை முடித்துவிட்டு அவர் படுத்தார் என்று சொல்ல முடியாது. தங்கை விடிய முகம் கழுவும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நான் முன்பள்ளி முடிந்து வந்து, "கொஞ்சம் சரியுங்கோ, நான் பாக்கிறன்" என்பேன். கதிரையை விட்டு எழும்பமாட்டார். வாசலுக்குப் போனால்கூட முகம் இந்தப் பக்கம்தான். கோயில் மணி அடித்தால் இருந்த இடத்திலேயே சிலுவை போட்டுக்கொள்வார். சாமியார் நன்மை அப்பம் கொண்டுவந்து கொடுத்தபோது அதை வாங்குவதற்கு வாயைத் திறந்தார், கை பிள்ளையின் முதுகில்தான் இருந்தது. யன்னல் திறந்திருக்கும், கதவு திறந்திருக்கும். ஆனாலும் மூன்று பேரையும் பூட்டி வைத்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் பின்னேரம் நான் வந்தபோது அவருடைய முகம் கறுத்து, நெற்றி நரம்பு புடைத்து, வியர்த்துக்கொண்டிருந்தது. ஏதோ வருத்தம் என்று பயந்து தோளை உலுக்கினேன். அந்த நேரம் கட்டிலில் நிரோமி 'புஸ்' என்று விட்டாள். அவரும் விட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளையின் மூச்சு நிற்கிற நேரம் எல்லாம் அந்த மனிசனும் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டேன். தலையைக் குனிந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "விசரோ உங்களுக்கு? நீங்கள் பிடிக்கிற மூச்சு அவளுக்குப் போய்ச் சேருமோ? என்ர தங்கச்சி எத்தினை பேரைப் பாக்கிறது?"

"சேராது மச்சாள். தெரியும்." அவர் மகளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டார். "பிள்ளை கீழ நிக்குது. நான் மேல இருந்து காத்துக் குடிக்கிறதோ?"

நான் குசினிக்குள் போய் அழுதேன். தங்கை அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு இது முதலே தெரிந்திருக்கிறது. "சொல்லிப் பாத்திட்டன் அக்கா, கேக்கமாட்டார்" என்றாள்.

கடைசிக் கட்டத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி வைத்தார்கள். அதே இளம் டொக்டர்தான். மூச்சு இப்படியே போனால் தொண்டைக்குள் குழாய் விட்டு மெசினில் போடலாம், போடாமலும் விடலாம், பெற்றவர்கள்தான் சொல்லவேண்டும் என்றா. தங்கை அவரைப் பார்த்தாள். பத்து அருள் மூச்சுக்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் பார்த்தேன். காற்றைக் கட்டிக்கொண்டு போகிறவர்களைக் கண்ணில் காட்டக்கூடாத மனிசன், அந்த நேரத்தில் உலகத்தில் இருக்கிற எல்லாச் சிலிண்டரையும் கொண்டுவந்து இறக்கியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அந்த மெசின் பிள்ளையை மேல கொண்டு வருமோ மிஸ்? இல்லாட்டி, கீழயே வைச்சுக் காத்துக் குடுக்குமோ?"

டொக்டர் பிள்ளையின் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தா. பிறகு, "கீழயே வைச்சுத்தான்" என்றா. அவவுடைய கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு காலத்துக்கு?"

"சொல்லத் தெரியேல்லை அண்ணை."

அவர் தங்கையின் கையைப் பிடித்தார். தங்கைதான், "வீட்டை கொண்டுபோறம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமையும் ஆகவில்லை. பின்னேரம். யன்னலால் வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. தங்கை பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். நிரோமியின் நெஞ்சு மெல்ல ஏறி நின்றது. அவருடைய நெஞ்சும் ஏறி நின்றது. "விடு ராசாத்தி" என்று இந்த முறை அவரால் சொல்ல முடியவில்லை, வாய் மூடியிருந்தது. கையால் முதுகைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் கரையிலேயே பெரிய மூச்சு அவருடையது. அதை அன்றைக்கு அவர் கடைசிவரை பிடித்தார். கழுத்து நரம்பு கயிறாகத் திரண்டது. கதிரையின் கை கிறீச்சிட்டது. பிறகு அவரால் முடியவில்லை. வாயைத் திறந்து பெரிய சத்தத்தோடு காற்றை இழுத்தார்.

அவள் விடவில்லை.

"நான் வந்திட்டன்" என்றார் அவர். தங்கையைப் பார்த்துச் சொன்னார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் முதல் வந்திட்டன் மச்சாள்."

மறுநாள் மத்தியானம் முற்றத்தில் பந்தல் போட்டு எல்லாரும் கூடியிருந்தார்கள். தகர முகட்டைக் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. நிரோமிக்கு முதல் நன்மை வாங்கும் நாளுக்கென்று தைத்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். கோயிலுக்குத் தூக்க முதல் செபமாலை சொல்லவேண்டும். யாராவது தொடங்குங்கோ என்றபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் தொண்டைதானே பெரிய தொண்டை. நானும் யோசிக்காமல் தொடங்கிவிட்டேன். முதலாவது 'அருள் நிறைந்த மரியே' என் வாயிலிருந்து வந்ததும் அவர் சுவரோரம் இருந்து தலையைத் தூக்கினார். எழும்பி வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றார். நான் கரையில் நின்று சொல்லும்போது தண்ணீரைப் பார்க்கிற மாதிரி மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அருள் எண்ணுகிறார் என்று எனக்கு விளங்கியது. ஆனால் தொடங்கிய செபத்தை நடுவில் நிறுத்த முடியாது. சனம் மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு பத்து முடிந்தது. அவருடைய அளவு அது. அவர் அசையவில்லை. இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது பத்தும் முடிந்து, மன்றாட்டும் சொல்லி, நான் செபமாலைச் சிலுவையை முத்தமிட்டேன். ஆட்கள் பெட்டியைத் தூக்க முன்னால் வந்தார்கள்.

அவர் கையை நீட்டி அவர்களை மறித்தார். அவருக்குக் கோபமில்லை. முகத்தில் ஒரு குழப்பம் மட்டும்தான் இருந்தது.

"ஏன் மச்சாள் நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டார். "பிள்ளை இன்னும் வரேல்லை."

தங்கை என் மடிச் சேலையைப் பிடித்தாள். சாமியார் அவருடைய தோளில் கை வைக்கப் போனார், வைக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி தொடங்கினேன். பெட்டியைத் தூக்கினார்கள், நான் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். கோயில் வாசல்வரை சொன்னேன், கல்லறைவரை சொன்னேன், மண் விழும்போதும் சொன்னேன். அவர் என் பக்கத்தில் நெஞ்சை நிரப்பிக்கொண்டு நடந்து வந்தார். சனம் எப்போது கலைந்து போனது என்று எனக்குத் தெரியாது. தங்கை வந்து என் வாயைக் கையால் பொத்தினாள்.